பிஞ்சு மனம் என்னும் சாக்கு

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளைப் பற்றிப் பேச்சு எழும் சபைகளிலெல்லாம், அதிபர்களும் ஆசிரியர்களும், பெற்றோரும் தொழிற்சங்கத் தலைவர்களும், வேறெதிலும் உடன்படாவிட்டாலும் ஒன்றில் மட்டும் ஒரே குரலில் உடன்படுவதைக் காண்கிறோம். ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரையில் பயிலும் பிள்ளைகளிடம், அதாவது பதினொரு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட சிறார்களிடம், நம் முன்னோர் பட்ட துன்பங்களைப் பிரஸ்தாபிக்கலாகாது என்பதே அவ்வபிப்பிராயம். தொழிலாளரைக் கடனாற் பிணைத்த கங்காணியின் துண்டு முறையையும், 1948ஆம் ஆண்டில் பிரஜாவுரிமை பறிபோனதையும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் லயங்கள் தீக்கிரையானதையும் சொன்னால் பிஞ்சு மனம் வாடிவிடும் என்கிறார்கள். வாடாத மனத்தில் துவேஷம் முளைத்துவிடும் என்கிறார்கள். சொல்லத்தான் வேண்டுமென்றால் பாடநூலில் உள்ள அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமேயன்றி, கதையும் பாட்டும் கூத்தும் சித்திரமும் கொண்டு உணர்ச்சியைக் கிளறுவது சரித்திரப் போதனையே ஆகாது என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் பெரியவர்களானபின் தாமே படித்து அறிந்துகொள்ளட்டும் என்று முடிக்கிறார்கள்.

இவ்வாறு சொல்வோர் தீய எண்ணம் உடையவரல்லர். இவர்களிற் பலர் சிறு பிராயத்தில் இரவோடிரவாக லயத்தை விட்டுத் தேயிலை மலைக்குள்ளும் இறப்பர்க் காட்டுக்குள்ளும் ஓடி ஒளிந்தவர்கள். தாம் கண்டதைத் தம் மக்கள் காணவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்று எண்ணுவது பெற்றோரின் இயல்பு. ஆயினும் அன்பிலிருந்து பிறந்தது என்பதனாலேயே ஓர் அபிப்பிராயம் சரியாகிவிடாது. குழந்தையின் மனத்தையும், இலக்கியத்தின் தன்மையையும், அயலவரோடு கூடி வாழும் வழியையும், காலத்தின் போக்கையும் ஒருங்கே தவறாக மதிப்பிட்ட அபிப்பிராயம் இது என்பதே என் வாதம்.

முதலாவதாகப் பிஞ்சு மனம் தாங்காது என்னும் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். மத்தும பண்டார என்னும் சிறுவனின் பெயரை அறியாத பள்ளிப் பிள்ளை இந்த நாட்டில் அரிது. 1814ஆம் ஆண்டில் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த எஹலேபொல, இதே சப்ரகமுவவுக்குத் திசாவையாக இருந்தவன். அவன் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபின், கண்டியிற் பிணையாக இருந்த அவன் மனைவியும் மக்களும் அரசன் ஆணையாற் கொல்லப்பட்டார்கள். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, இளையவனாகிய மத்தும பண்டார தானே முன்வந்து கொலைவாளுக்குத் தலை கொடுத்தான் என்பது ஐதிகம். ஒரு சிறுவனின் தலை வீழும் இக்கதையைச் சிங்களக் கவிகள் பாடினார்கள்; நாடகக்காரர் நடித்தார்கள்; ஓவியர் தீட்டினார்கள்; 2014இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆறாந்தரத்தை எட்டாத பிள்ளைகளுக்குங்கூட அது சொல்லப்பட்டு வருகிறது; அதைக் கேட்டு எந்தப் பிஞ்சு மனமும் கருகிவிட்டதாக எவரும் முறையிட்டதில்லை; அஞ்சாமை இன்னதென்று உணர்த்த அதுவே தகுந்த கதையென்று உபாத்தியாயர்கள் கருதுகிறார்கள். பிரபுக்களின் குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்தைத் தாங்கும் மனம், தன் பாட்டிக்கு நேர்ந்த துயரத்தை மட்டும் தாங்காது என்று எந்த மனோதத்துவ சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

அரண்மனைக் கதையை விட்டுத் தோட்டத்துக்குள்ளேயே வருவோம். மாசி மாதத்திற் காமன் கம்பம் நட்டுக் கூத்து நடத்தும் தோட்டங்களில், தாயின் மடியிற் கிடக்கும் குழந்தை முதற்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் விடிய விடிய விழித்திருந்து, சிவனுடைய நெற்றிக் கண்ணால் மதன் எரிந்து சாம்பலாவதைப் பார்க்கிறார்கள். கணவனை இழந்த ரதி தலைவிரி கோலமாய் அழுது புலம்புவதைக் கேட்கிறார்கள். எமனும் வீரபத்திரனும் தப்பொலிக்கு ஆடி வரும்போது நடுங்குகிறார்கள். மறுநாட்காலையில் அப்பிள்ளைகள் மனம் சிதைந்து கிடப்பதில்லை. லயத்து வாசலிற் கரியைப் பூசிக்கொண்டு தாங்களே மதனாகவும் ரதியாகவும் ஆடுகிறார்கள். மரணத்தையும் பிரிவையும் அநீதியையும் சிறு பிள்ளைகளின் கண்முன்னே நிறுத்தி, அவற்றைக் கண்டு அழவும், அழுதபின் எழவும் பயிற்றும் வித்தையை நம் முன்னோர் கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. எழுத்தறியாத கூலிகள் என்று இகழப்பட்ட மக்கள் அறிந்திருந்த இந்தச் சூக்ஷ்மத்தை, பட்டம் பெற்ற நாம் மறந்துவிட்டோம்.

கூத்து ஏன் குழந்தையைச் சிதைப்பதில்லை என்று சிந்தித்தால், கலையின் பயன் துலங்கும். துன்பம் வடிவமின்றி வரும்போதுதான் மனத்தை நொறுக்குகிறது. கலையோ அதற்கு ஒரு தொடக்கத்தையும் முடிவையும், ஒரு தாளத்தையும் எல்லையையும் வகுத்துக் கொடுக்கிறது. பார்ப்பவன் தனியனல்லன், சுற்றிலும் தன் சனங்கள் இருக்கிறார்கள் என்னும் தைரியத்தையும் உடன் கொடுக்கிறது. ஜப்பான் தேசத்திலே, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதினராக இருந்த கெய்ஜி நகசாவா, தாம் கண்டதையெல்லாம் 1973 முதல் ஒரு சிறுவர் வார இதழிற் சித்திரக் கதையாக வரைந்தார். ஒரு தலைமுறைச் சிறார் அதைப் படித்தே போரின் கொடுமையை அறிந்தார்கள். 2012ஆம் ஆண்டின் இறுதியில் மட்சுவே என்னும் நகரத்தின் கல்விச் சபை, அந்நூல் மாணவர் கையில் தாராளமாகக் கிடைப்பதைத் தடுக்குமாறு பாடசாலைகளைக் கேட்டுக்கொண்டது. கண்டனம் எழவே, அடுத்த ஆண்டிலேயே அக்கட்டுப்பாடு நீங்கிற்று. நம்மவர் எழுப்பும் ஆட்சேபம் உலகத்துக்குப் புதிதல்ல என்பதும், அதற்கு மறுமொழியும் உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

மேலும், நாம் வாய்மூடி இருப்பதால் இச்சரித்திரம் பிள்ளைகளை எட்டாமற் போய்விடும் என்று நம்புவதே ஒரு மாயை. லயத்துக் காம்பரா ஒன்றில், ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீட்டில், பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பிள்ளைகளின் செவியில் விழாதென்று எண்ணுவோர் அவ்வறைகளிற் படுத்தறியாதவர்கள். இன்ன ஊரார் வந்தார்கள், இன்ன கடை எரிந்தது, இன்ன மாமா வவுனியாவுக்குப் போனவர் திரும்பவில்லை என்று துண்டு துண்டாகக் கேட்கும் பிள்ளை, காரணமும் காலமும் தெரியாமல், அத்துண்டுகளைத் தன் அச்சத்தாலேயே ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நாம் விரும்பிய பகுதி அதற்குத் தெரிந்திருக்கும். தெரிய வேண்டிய பகுதியே தெரியாதிருக்கும். சரித்திரத்தைச் சொல்வதா, சொல்லாதிருப்பதா என்று தெரிவு செய்யும் அதிகாரம் நமக்கு இல்லை. எவ்வடிவிற் சொல்வது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இனித் துவேஷம் வளரும் என்னும் ஆட்சேபத்துக்கு வருகிறேன். மற்ற ஆட்சேபங்களைப் போல இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நுவரெலியாவைப் போலத் தமிழர் திரண்டு வாழும் பிரதேசமன்று சப்ரகமுவ. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், பலாங்கொடையிலும் இறக்குவானையிலும், கஹவத்தையிலும் நிவித்திகலையிலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் அயலவரை நம்பியே போகவேண்டும். அருகில் உயர்தரத் தமிழ்ப் பாடசாலை இல்லாமையாற் சிங்கள மொழிமூலத்திற் சேர்ந்து படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய இடத்தில் 1981ஆம் ஆண்டு ஆவணி மாதக் கலவரத்தைப் பற்றிப் பேசுவது, ஆறிய புண்ணைக் கீறுவதாகாதா என்று கேட்கிறார்கள்.

புண் ஆறியிருந்தால் இக்கேள்வி நியாயமானது. ஆனால் பகை எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்ந்தால், அது சம்பவத்தை அறிவதால் உண்டாவதன்று, காரணத்தை அறியாமையாலேயே உண்டாகிறது என்பது புலப்படும். கேகாலை மாவட்டத்தையே உதாரணமாகக் கொள்வோம். 1946ஆம் ஆண்டில், உந்துகொடைப் பகுதியில் உள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தை, நம்மவர் உருளவள்ளி என்று சொல்லும் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் சுவீகரித்து, அங்கே பாடுபட்டுவந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் வெளியேற மறுத்தார்கள்; அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது; இலங்கை இந்தியர் காங்கிரஸ் அழைக்க, பல தோட்டங்களிலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவ்வளவோடு கதையை நிறுத்தினால், கிராமத்தான் நம் நிலத்தைப் பிடுங்க வந்தவன் என்னும் எண்ணமே பிள்ளையின் மனத்தில் மிஞ்சும். துவேஷம் வளரும் என்று அஞ்சுவோரின் அச்சம் மெய்யாகிவிடும்.

ஆனால் அக்கிராமத்தான் நிலமற்றவனானது எப்படி என்று அடுத்த கேள்வியைக் கேட்கப் பிள்ளையைப் பழக்கினால், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குச் செல்ல நேரிடும். உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்கு உரியதாக்கி, அவற்றைத் தோட்டத் துரைமாருக்கு விற்க வழிவகுத்த சட்டம் அது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த கண்டி நாட்டுக் குடியானவன் அதனால் மலையை இழந்தான். அவன் இழந்த மலையிற் காட்டை அழித்துக் கோப்பி நடவும், பின்னர் தேயிலை நடவும், இறப்பர் மரத்திற் பால் வெட்டவும், திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் பஞ்சத்திலிருந்து நம் பாட்டன்மார் கூட்டிவரப்பட்டார்கள். ஒருவன் நிலத்தை இழந்தவன்; மற்றவன் ஊரை இழந்தவன்; இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கி, இலாபத்தை வேறொருவன் கொண்டுபோனான். இதை அறிந்த பிள்ளை கிராமத்துப் பிள்ளையைப் பார்க்கும் பார்வையும், அறியாத பிள்ளை பார்க்கும் பார்வையும் ஒன்றாக இருக்குமா? 1981ஆம் ஆண்டைச் சொல்லும்போது, காடையரைச் சொல்வதோடு, தம் வீட்டு அறையைத் திறந்துவிட்டு வாசலிற் காவல் நின்ற சிங்களக் குடும்பங்களையும் சொல்லவேண்டும் என்பதும் இதே நியாயத்தின்பாற் பட்டதே. தோட்டத்துக்குத் தோட்டம் அத்தகைய கதைகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே மௌனம் விழுங்கிவிட்டது.

மத்தும பண்டாரவின் கதை இங்கே இன்னொரு பாடத்தையும் தருகிறது. கண்டியைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயர், அரசனுடைய கொடுமையைத் தங்கள் படையெடுப்புக்கு நியாயமாகக் காட்டிக்கொண்டார்கள். அவன் நாயக்கர் வமிசத்தவன் என்பதைச் சுட்டி இனப்பகைக்கு எண்ணெய் வார்த்தவர்களும் உண்டு. அஞ்சாமையைக் கற்பிக்கும் அதே கதை, சொல்லுவோன் மனம் கோணியிருந்தால் வெறுப்பையும் கற்பிக்கும். இதிலிருந்து பெறப்படுவது, கசந்த கதைகளை நல்ல உபாத்தியாயர் கையிலே ஒப்படைக்க வேண்டும் என்பதே. நல்லோர் சொல்லாது விட்ட கதையை மற்றவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்றாவது ஆட்சேபம் கற்றோரிடமிருந்து வருகிறது. இலக்கியம் கற்பனை, சரித்திரமோ சான்று, இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும் என்கிறார்கள். 2007ஆம் ஆண்டு முதல் சரித்திரம் மீண்டும் தனிப் பாடமாகிக் கட்டாயமாக்கப்பட்டது நல்ல காரியமே. ஆனால் கோப்பி வந்ததையும் தேயிலை வந்ததையும் இறப்பர் வந்ததையும் விரித்துரைக்கும் பாடம், அவற்றை நட்டவர்களைப் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளர் என்னும் ஒரு தொடருக்குள் அடக்கிவிடுகிறது. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நாட்டப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வரவு பதிவாகியிருக்கிறது. அவற்றின் வழிவந்த மரங்களினிடையே விடியுமுன்னே கத்தியும் வாளியும் ஏந்தி நடந்த பெண்ணின் வாழ்வு எந்த ஏட்டிற் பதிவாகியிருக்கிறது? அவளுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த துரைக்கு அவள் பேர்ப்பதிவுப் புத்தகத்தில் ஓர் இலக்கம். ஆகவே சான்று சான்று என்று ஏட்டை மட்டும் நோக்கினால், துரையின் சரித்திரமே நமக்குக் கிடைக்கும். அவள் விட்டுச்சென்ற சான்று தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலுமே இருக்கிறது. அதை உணர்ந்தே கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடிச் சேர்த்தார். அவர் மறைந்தபின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பாக அவை வெளிவந்தன. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் கூட்டங்களிலே தாமே பாட்டியற்றிப் பாடித் துயரத்தை அரசியலாக்கினார். இப்பாடல்களைச் சரித்திரமென்று ஒப்புக்கொள்ளாத சரித்திரக்காரனுக்கு, எழுத்தறியாத மக்களின் சரித்திரத்தை எழுதும் தகுதி எங்கிருந்து வரும்?

இன்னும் ஒருபடி மேலே சென்று சொல்கிறேன்: சில உண்மைகளைச் சான்று மட்டும் தனித்து நின்று சிறுவர்க்கு உணர்த்தவே இயலாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசாவளிப் பிரஜையாகக் கணிக்கப்பட வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். இவ்வாசகத்தைக் கரும்பலகையில் எழுதினால், எட்டாந்தரத்துப் பிள்ளை அதைப் பிரதி செய்துகொண்டு பரீட்சைக்கு மனனம் செய்யும். அதையே நாடகமாக்கி, ஒரு மாணவனை மேசைக்குப் பின்னே அதிகாரியாக அமர்த்தி, ஏனையோரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் தந்தையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும், அது இல்லையேற் பாட்டனுடையதையும் பூட்டனுடையதையும் கேட்கச் செய்யுங்கள். வரிசை முழுவதும் வெறுங்கையோடு விலகி நிற்கும்போது, ஒரு சமூகம் எவ்வாறு ஒரு வாக்கியத்தால் நாடற்றதாக்கப்பட்டது என்பதை அப்பிள்ளைகள் ஆயுள் உள்ளவரையில் மறக்கமாட்டார்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டதை எண்களாகச் சொன்னால் கணக்காகத் தோன்றும். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன புகையிரதத்தை நம் சனங்கள் அழுகைக் கோச்சி என்று ஏன் அழைத்தார்கள் என்று தம் வீட்டுப் பாட்டியைக் கேட்டுவரச் செய்தால், அவ்வெண்கள் ஒவ்வொன்றுக்கும் முகம் உண்டாகும்.

இதனால் ஏட்டுச் சான்றைத் தள்ளிவிடச் சொன்னதாக எவரும் பொருள் கொள்ளலாகாது. கதை கேள்வியை எழுப்புவது. சான்று அதைச் சோதிப்பது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையைப் படித்த பிள்ளைகளிடம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் உழைப்பை ஏன் சந்தேகிக்கிறார்கள், நிறை பார்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவ்வதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது எது என்று கேட்கலாம். கேட்டபின் வீட்டிலிருந்து ஒரு சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, அதில் உள்ள கழிவுகளை ஒவ்வொன்றாக வாசிக்கலாம். 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யில் வரும் பயணப் பகுதியைப் படித்தபின், தேசப்படத்தை விரித்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரையில் நடந்தவர்கள் எத்தனை நாள் நடந்திருப்பார்கள் என்று கணக்கிடலாம். அவ்வழியை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள் என்பதையும் சொல்லலாம். அங்கிருந்து களனிப் பள்ளத்தாக்குக்கும் இரத்தினபுரிக்கும் நம்மவர் எவ்வழியாக வந்தார்கள் என்பது பாடநூலில் இல்லாத கேள்வி. அதற்கு விடை தேடும் பிள்ளை, சரித்திரத்தைப் படிப்பதை விட்டுச் சரித்திரத்தைச் செய்யத் தொடங்கிவிடுகிறது.

சித்திரத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும்; ஏனெனிற் கொடுமையை எந்த அளவிற் காட்டுவது என்னும் சிக்கலுக்கு ஓவியரே நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த சரித்திரத்தை ஜேக்கப் லாரன்ஸ் என்னும் இளம் ஓவியர் 1940–41ஆம் ஆண்டுகளில் 60 சிறு பலகைகளில் தீட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வாக்கியங்களில் விளக்கம் எழுதினார். அம்மக்களை வெறிகொண்ட கும்பல்கள் தூக்கிலிட்டதைச் சொல்லும் பலகையிற் பிணம் இல்லை. வெறுங் கிளையில் ஒரு கயிற்றுச் சுருக்கும், அதன்கீழ்க் குனிந்து அமர்ந்திருக்கும் ஓர் உருவமுமே உண்டு. பார்க்கும் சிறுவனுக்கு அது போதும். அதற்குமேற் காட்டுவது அவன் அறிவை வளர்க்காது, கண்ணை மட்டுமே புண்படுத்தும். நம் பிள்ளைகளும் இவ்வாறு தம் தோட்டத்தின் சரித்திரத்தைப் பலகை பலகையாக வரையலாம். வகுப்புச் சுவரிலே அவற்றை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் தாமே ஒரு வாக்கியம் எழுதலாம். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்திற் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும், கொழுந்துக் கூடையும் தப்பும் அங்கே காட்சிப் பொருள்களாகும் தகுதி பெற்றிருக்க, சப்ரகமுவப் பிள்ளையின் வீட்டில் இன்னும் புழங்கும் இறப்பர்ப் பால் வாளியும் வெட்டுக்கத்தியும் ஒரு வகுப்பறையின் மேசைக்கு ஏறத் தகுதியற்றவையா?

பரீட்சைக்குப் படிக்கவே நேரம் போதாது என்பாரும், பழைய அடிமைக் கதையைக் கிளறினாற் பிள்ளைகள் தலைகுனிவார்கள் என்பாரும் இன்னும் எஞ்சியிருக்கிறார்கள். முன்னவர்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கதையைப் படித்துக் கேள்வி கேட்கவும், சான்றை ஒப்பிட்டு எழுதவும் பழகிய பிள்ளை தமிழ்ப் பாடத்திலும் சரித்திரப் பாடத்திலும் ஒருங்கே தேறும். பின்னவர் கருத்திலோ பெரும் பிழை இருக்கிறது. தலைகுனிவு துன்பத்தை அறிவதால் வருவதன்று. தன் சனங்களுக்குச் சரித்திரமே இல்லை என்று நம்புவதால் வருவது. காட்டை வெட்டியவனும், மலையைப் பிளந்து பாதை போட்டவனும், 1940ஆம் ஆண்டில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திலே துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான கோவிந்தனும் தன் முன்னோர் என்று அறிந்த பிள்ளை, கொழும்பிலே தன் ஊர் ஒரு தோட்டம் என்று சொல்லக் கூசுமா? சொல்லக் கூசுகிற பிள்ளைகளை நாம் இன்று பார்க்கிறோமென்றால், மௌனத்தின் விளைச்சலாகவே அவர்களைப் பார்க்கிறோம்.

எல்லாவற்றையும் எல்லா வயதிலும் சொல்லலாம் என்று நான் வாதிக்கவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தமிழ்ச் சிறுகதையின் சிகரங்களுள் ஒன்று, ஆயினும் தோட்டத்துப் பெண்கள்மீது நிகழ்ந்த வன்முறையையும் அதனால் வந்த நோயையும் உள்ளவாறு காட்டும் அக்கதை, பன்னிரண்டு வயதுக்கு உரியதன்று, உயர்தரத்துக்கு உரியது. ஏழாந்தரத்துக்குப் பயணமும் உழைப்பும், எட்டாந்தரத்துக்குப் பிரஜாவுரிமையும் பிரிவும், ஒன்பதாந்தரத்துக்குக் கலவர காலமும் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகலாம். பிணங்களின் படத்தைக் காட்டவேண்டாம். ஊர்ப்பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவேண்டாம். கண்ணீரோடு வகுப்பைக் கலைக்கவேண்டாம். அழுத பிள்ளைக்குப் பேசவும் வரையவும் ஆடவும் ஒரு மணி நேரம் ஒதுக்காத ஆசிரியர் அந்தப் பாடத்தைத் தொடங்கவேண்டாம். இவையெல்லாம் முறையைப் பற்றிய எச்சரிக்கைகள். முறை தவறிவிடும் என்று அஞ்சிப் பொருளையே கைவிடுவது கல்வியாகாது.

இறுதியாக, வளர்ந்தபின் தாமே அறிந்துகொள்வார்கள் என்னும் வாதம். கேட்பதற்கு மிக நியாயமாகத் தோன்றும் இதுவே உண்மையில் மிகவும் ஏமாற்றுவது. ஒன்பதாந்தரம் முடிந்தாற் சாதாரண தரப் பரீட்சைக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். அப்போது நேரமில்லை என்பார்கள். அப்பரீட்சையோடு தோட்டத்துப் பிள்ளைகளிற் பெரும் பகுதியினர் பள்ளியை விட்டு விலகி, கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகத்தை எட்டி நூலகத்திலே தம் சரித்திரத்தைத் தேடிப் படிக்க வாய்ப்புள்ளோர் சிலரிலும் சிலரே. தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும், கெட்டிக்காரரும் மந்தமானவரும், கணக்கப்பிள்ளையின் மகனும் பால் வெட்டுபவளின் மகளும், ஒரே கூரையின் கீழ் ஒன்றாக அமரும் கடைசிக் காலம் இந்த ஆறாந்தரத்துக்கும் ஒன்பதாந்தரத்துக்கும் இடைப்பட்ட காலமே. அங்கே சொல்லப்படாதது அவர்களிற் பெரும்பாலோருக்கு எப்போதும் சொல்லப்படமாட்டாது. இந்த மக்களுடைய பிரஜாவுரிமைக்கும் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1948இற் பறித்ததன் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அரசாங்கம் நம்மைக் காக்க வைத்ததைக் குற்றமென்று கூறும் நாம், நம் பிள்ளைகளை அதே சொல்லைச் சொல்லிக் காக்க வைப்பதை அன்பென்று கூறிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.